கூகுள் மேப்ல மொட்டமாடி டேங்கே தெரியுது, அப்புறம் அரசாங்கத்துக்கு எதுக்கு மங்கலா படம் எடுக்குற சேட்டிலைட்?

கேட்ட கேள்வி இதுதான்: கூகுள் மேப்ல ஜூம் பண்ணா மொட்டமாடில இருக்குற சின்டெக்ஸ் டேங்க் வரைக்கும் தெரியுது, பிரைவேட் கம்பெனிங்க தினமும் பூமி பூரா படம் எடுக்குறாங்க, அப்படி இருக்கும்போது ஒரு வீடு கூட ஒழுங்கா தெரியாத 30 மீட்டர் படத்த எடுக்க அமெரிக்க அரசாங்கம் லேண்ட்சாட்னு ஒண்ண 50 வருஷத்துக்கு மேல ஏன் ஓட்டிட்டு இருக்கு, காசு குடுத்து வெளிய வாங்கிக்கிட்டா முடிஞ்சுபோச்சே?

நியாயமான கேள்விதான். நான் இந்தப் படங்கள வச்சே பொழப்ப ஓட்டுறவன், அதனால கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சு பேசுவேன், பொறுத்துக்கோங்க. சுருக்கமா சொல்லணும்னா, நீங்க சொல்ற வேலைய ஏற்கனவே செஞ்சு பாத்தாச்சு, 1985ல. அது எப்படி போச்சுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி இருந்து வரணும்.

அரசாங்கங்கள் வானத்துல இருந்து நிலத்த படம் எடுக்க ஆரம்பிச்சது பயிர் பாக்கவோ காடு பாக்கவோ இல்ல, எதிரி நாட்ட எட்டிப்பாக்க. அமெரிக்காவோட கொரோனா சேட்டிலைட்டுங்க (ஆமா, பேரு அதேதான், நம்ம 2020 கொரோனாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல) ஃபிலிம் ரோல்ல படம் எடுத்து, அந்த ரோல ஒரு கேப்ஸ்யூல்ல போட்டு பூமிக்கு தள்ளி விடும், அது பாராசூட்ல இறங்கி வரும்போது ஒரு ராணுவ விமானம் பின்னாடி கொக்கிய தொங்கவிட்டுக்கிட்டு வந்து நடுவானத்துலயே அத மாட்டி இழுத்துக்கும். 1960 ஆகஸ்ட்ல முதல் தடவை இது சரியா அமைஞ்சுது. அந்த ஒரே ட்ரிப்ல, அதுக்கு முன்னாடி யூ-2 உளவு விமானங்க எல்லாம் சேந்து எடுத்தத விட அதிகமான சோவியத் நிலப்பரப்பு படமாயிடுச்சு. 1972 மே மாசம் வரைக்கும் அந்த ப்ரோகிராம் ஓடுச்சு, 8,60,000க்கு மேல படம். 1995ல கிளின்டன் உத்தரவு போட்டு ரகசியத்த எடுத்து விட்டாரு. இன்னைக்கு சிரியா, துருக்கி பக்கம் யூஃப்ரடீஸ் அணைங்க கட்டி தண்ணிக்குள்ள போன பழைய ஊர் மேடுகள தேடுற தொல்லியல்காரங்களுக்கு அதுதான் தங்கச் சுரங்கம். யாரோ ஏவுகணை எண்ண எடுத்த படம், வேற யாரோ மூவாயிரம் வருஷத்து ஊர கண்டுபிடிக்க உதவுது. இந்த விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, எதுக்காக எடுத்தோம்ங்கறதுக்கும் எதுக்கு பயன்படும்ங்கறதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

பொதுமக்களுக்கான கத இதுக்கு நடுவுல ஆரம்பிக்குது. நாசாவோட ஜெமினி விண்கலத்துல போன வீரருங்க கையில பிடிச்சு எடுத்த கலர் படங்கள பாத்துட்டு அமெரிக்க புவியியல் சர்வேயோட தலைவர் வில்லியம் பெக்கோராவுக்கு ஆச வந்துருச்சு. 1966 செப்டம்பர்ல அவங்க அமைச்சர் ஸ்டூவர்ட் உடால், பூமியோட வளங்கள பாக்குறதுக்குன்னே சேட்டிலைட் விடப்போறோம்னு பத்திரிகைகாரங்க கிட்ட அறிவிச்சுட்டாரு. நாசாவுக்கு செம கடுப்பு, ராக்கெட் விடுற எங்கள கேக்காம நீங்க எப்படி அறிவிக்கலாம்னு. பென்டகனுக்கு வேற பயம், நல்ல தெளிவான படம் பொதுவுல வந்தா நம்ம உளவு வேல வெளிய வந்துடுமோன்னு. பட்ஜெட் ஆபீஸ் ஆளுங்களோ, இதையெல்லாம் விமானத்துலயே சீப்பா எடுக்கலாமேன்னு கேட்டாங்க. (இப்ப நீங்க கேக்குறதோட அந்தக் காலத்து வடிவம்!) கடைசில 1972 ஜூலை 23ந்தேதி முதல் சேட்டிலைட் மேல போச்சு. அப்ப பேரு இஆர்டிஎஸ்-1, லேண்ட்சாட்னு பேரு மாத்துனது 1975ல. பெக்கோரா அத பாக்கல, நாலு நாள் முன்னாடி இறந்துட்டாரு.

அதுக்குள்ள இருந்த கருவி பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். மெயின் ஹீரோன்னு எல்லாரும் நம்புனது ஆர்சிஏ செஞ்ச டிவி கேமரா மாதிரியான மூணு கேமராவ. ஓரமா சோதனைக்காக ஏத்துனது ஹ்யூஸ் கம்பெனில வர்ஜீனியா நார்வுட்னு ஒரு இயற்பியல் படிச்ச அம்மா டிசைன் பண்ண ஸ்கேனர். அதுல ஒரு கண்ணாடி, செகண்டுக்கு 13 தடவைக்கு மேல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஆறு வரி ஆறு வரியா நிலத்த அளந்துக்கிட்டே போகும். ஆடுற பொருள விண்வெளிக்கு அனுப்பி அது வருஷக்கணக்குல துல்லியமா ஆடும்னு சொன்னா எவன் நம்புவான், சர்வே ஆளுங்க பலருக்கு நம்பிக்கையே இல்ல. அந்தம்மா டீம் ஒரு சாம்பிள் ஸ்கேனர லாரில ஏத்தி கலிஃபோர்னியா பூரா சுத்தி, யோசெமிட்டில இருக்குற ஹாஃப் டோம் பாறைய ஸ்கேன் பண்ணி காட்டுனாங்க. மேல போன கொஞ்ச நாள்லயே கரண்ட் கோளாறுல அந்த டிவி கேமராங்கள அணைக்க வேண்டியதாப் போச்சு, ஓரமா ஏத்துன ஸ்கேனர்தான் மொத்த மிஷனையும் தூக்கி நிறுத்துச்சு. நார்வுட் 2023ல 96 வயசுல இறந்தாங்க.

இப்ப உங்க கேள்வியோட நடுப்புள்ளிக்கு வரேன். அந்த ஸ்கேனர் எடுத்தது படம் இல்ல, அளவு. ஒவ்வொரு புள்ளிலயும் பச்சை வெளிச்சம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு எவ்வளவு திரும்பி வருதுன்னு நம்பர். நல்லா இருக்குற இலை சிவப்பு வெளிச்சத்த தின்னுடும், கிட்ட இருக்குற அகச்சிவப்ப அப்படியே திருப்பி அடிக்கும். பயிர் வாட ஆரம்பிச்சா இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் குறையும், நம்ம கண்ணுக்கு இன்னும் பச்சையா தெரியுற நேரத்துலயே கூட நம்பர்ல தெரிஞ்சுடும். கூகுள் மேப்ல தெரியுற கூரை ஒரு நாள் எடுத்த போட்டோ. லேண்ட்சாட் 16 நாளைக்கு ஒரு தடவ, காலைல ஏறக்குறைய அதே பத்து மணிக்கு, அதே உயரத்துல இருந்து, கருவிய பாலைவனத்துலயும் நிலாவப் பாத்தும் சரிபாத்துக்கிட்டு எடுக்குற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட். முகம் எவ்வளவு அழகா போட்டோல விழுந்திருந்தாலும் அத வச்சு சுகர் ஏறுதா இறங்குதான்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாரு இல்லையா.

30 மீட்டர்னா எவ்வளவுன்னு நம்ம கணக்குல சொல்றேன். 30க்கு 30, 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கர் நிலத்துல நாலரை புள்ளி விழும். முதல் லேண்ட்சாட்ல ஒரு புள்ளி 80 மீட்டர் கிட்ட, அதாவது ஒரு புள்ளியே ஒன்றரை ஏக்கர். ஐரோப்பாவோட சென்டினல்-2ல 10 மீட்டர், ரெண்டரை சென்ட். வீடு தெரியாது, ஆனா வயல், கண்மாய், காடு, ஊர் விரியுறது எல்லாம் தெரியும். லேண்ட்சாட் படம் ஒண்ணோட அகலம் 185 கிலோமீட்டர், சென்னைல ஆரம்பிச்சா விழுப்புரம் தாண்டிடும். நிலத்துல மனுஷன் பண்ற மாத்தம் பெரும்பாலும் இந்த அளவுலதான் நடக்குது, அதனால இது மங்கலான படம் இல்ல, வேலைக்கு சரியான படம்.

ஆரம்ப வருஷங்கள்ல இதுல இருந்து வந்த கதைங்க சுவாரஸ்யமானது. கனடாவோட லாப்ரடார் கடல்ல இருந்து கொஞ்சம் தள்ளி ஏதோ ஒரு சின்ன புள்ளி படத்துல விழுந்திருந்துச்சு, எந்த மேப்லயும் இல்ல. 1976ல சரிபாக்க ஃபிராங்க் ஹால்னு ஒரு கடல் சர்வேகாரர ஹெலிகாப்டர்ல இருந்து கயித்துல கட்டி இறக்குனாங்க. பனி மூடுன பாறை, 25க்கு 45 மீட்டர்தான் இருக்கும். அவரு கால் வைக்குறதுக்குள்ள பனிக்கலர்லயே அங்க படுத்திருந்த ஒரு பனிக்கரடி எழுந்து கைய வீசுச்சு, நல்லவேளை மேல இழுத்துட்டாங்க. அந்தப் பாறைக்கு லேண்ட்சாட் தீவுன்னே பேரு வச்சாங்க. இன்னொரு பக்கம் 1972ல சோவியத்து, தன்னோட விளைச்சல் படுத்தத வெளிய சொல்லாம அமெரிக்க கோதுமைய சல்லிசா அள்ளிட்டு போயிடுச்சு, அப்புறம் விலை ஏறி அமெரிக்காக்காரன் கைய பிசைஞ்சான். அந்த சூட்டுலதான் 1974ல மத்த நாட்டு கோதுமைய சேட்டிலைட்ல கணக்கு போடுற ஒரு பெரிய சோதனைய ஆரம்பிச்சாங்க, 1977 சோவியத் விளைச்சலுக்கு அவங்க போட்ட கணக்கு பின்னாடி மாஸ்கோ சொன்ன நம்பருக்கு ரொம்ப பக்கத்துல வந்துச்சு.

இப்ப 1985. கார்ட்டர் காலத்துலயே இத வானிலை சேட்டிலைட் ஓட்டுற நோவா கிட்ட குடுத்து, மெதுவா தனியாருக்கு மாத்தலாம்னு முடிவாச்சு. ரீகன் வந்ததும் அந்த "மெதுவா"வ தூக்கிட்டாங்க. 1984ல சட்டம், 1985ல இயோசாட்னு ஒரு கம்பெனி (அந்த ஹ்யூஸும் ஆர்சிஏவும் சேந்து ஆரம்பிச்சது) கிட்ட ஒப்படைச்சாச்சு. ஒரு படம் 4,400 டாலர் வரைக்கும் ஏறுச்சு. வாங்கறவன் ஓடிட்டான். பல்கலைக்கழகத்துக்காரங்க லேண்ட்சாட்ட விட்டுட்டு ஒரு நாளைக்கு பூமிய பூரா ஒரு கிலோமீட்டர் புள்ளில எடுக்குற வானிலை சேட்டிலைட் படத்த வச்சு ஒப்பேத்துனாங்க, ஏன்னா அது சும்மா கிடைச்சுது. 1986ல ஃபிரான்ஸ் ஸ்பாட்-1 விட்டு 10 மீட்டர் கருப்பு வெள்ளை படம் விக்க ஆரம்பிச்சதும் இருந்த வியாபாரமும் அடி வாங்குச்சு. 1989ல லேண்ட்சாட்-4, 5னு சேட்டிலைட் ரெண்டும் மேல ஓடிட்டு இருக்கும்போதே, ஓட்ட பணம் இல்லன்னு அணைக்க சொல்லி உத்தரவே போயிடுச்சு, துணை அதிபர் குவெய்ல் தலையிட்டு ஏதோ பணம் புரட்டி காப்பாத்துனாரு.

விலைய விட பெரிய நஷ்டம் வேற. கம்பெனி எந்த இடத்துக்கு ஆர்டர் வந்துச்சோ, எங்க காசு வருமோ, அத மட்டும்தான் எடுத்துச்சு. அது அவங்க தப்பு இல்ல, வியாபாரம்னா அப்படித்தான். போதாக்குறைக்கு லேண்ட்சாட்-5ல டேட்டாவ சேத்து வைக்குற ரெக்கார்டரே கிடையாது, ரிலே சேட்டிலைட் வழியா அனுப்புற கருவியும் 90களோட தொடக்கத்துல போயிடுச்சு, அப்புறம் கீழ ஆண்டெனா இருக்குற இடத்துக்கு மேல பறக்கும்போது எடுத்தா உண்டு. விளைவு, உலகத்துலயே வேகமா காடு அழிஞ்ச, நகரம் வீங்குன வருஷங்கள்ல ஆப்பிரிக்காவோட பல இடங்களுக்கு, சைபீரியாவுக்கு, ஆவணத்துல ஓட்டை. இன்னைக்கு எவ்வளவு கோடி குடுத்தாலும் 1987ல எடுக்காத படத்த எடுக்க முடியாது. "வெளிய வாங்கிக்கலாமே"ன்னு யாரு சொன்னாலும் எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த ஓட்டைங்கதான்.

1992ல புது சட்டம் போட்டு அரசாங்கமே திரும்ப எடுத்துக்குச்சு. 1993ல லேண்ட்சாட்-6 சுத்துப்பாதைக்கே போகாம விழுந்துச்சு. மூணு வருஷத்துக்குன்னு செஞ்ச லேண்ட்சாட்-5 தனியாளா இழுத்துக்கிட்டு கிடந்துச்சு, அது கடைசில 2013 வரைக்கும் 29 வருஷம் ஓடி கின்னஸ்ல ஏறுச்சு. நம்ம ஊர் அரசு பஸ் மாதிரி ஒவ்வொரு பாகமா போக போக கீழ இருந்த எஞ்சினியருங்க வேற வழிய கண்டுபிடிச்சு ஓட்டுனாங்க, 2011ல மெயின் கருவியோட டேட்டா அனுப்புற பாகம் போனதும் பத்து வருஷத்துக்கு மேல தூங்கிட்டிருந்த நார்வுட்டம்மா வகை ஸ்கேனர தட்டி எழுப்புனாங்கன்னா பாத்துக்கோங்க. 1999ல வந்த லேண்ட்சாட்-7ல நாலே வருஷத்துல ஒரு சின்ன கண்ணாடி இயக்கம் நின்னுபோய் ஒவ்வொரு படத்துலயும் 22 சதவீதம் கோடு கோடா காணாம போச்சு. அந்தக் கோடு விழுந்த படத்த வச்சு மாரடிச்சவங்க எல்லாருக்கும் இன்னும் கை நடுங்கும்.

அடுத்த திருப்பம் விலை. இத ஆரம்பிச்சு வச்சது அமெரிக்காவே இல்ல, பிரேசில். சீனாவோட சேந்து விட்ட சிபெர்ஸ் சேட்டிலைட் படங்கள 2004ல இருந்தே இன்டர்நெட்ல சும்மா குடுத்தாங்க. அமெரிக்கா 2008ல மொத்த லேண்ட்சாட் ஆவணத்தையும் திறந்து விட்டுச்சு. அதுவரைக்கும் 600 டாலர்னு வித்தப்போ ரொம்ப நல்லா வித்த வருஷமே 2001தான், மொத்தம் 25,000 படம். இலவசம் ஆன முதல் வருஷமே பத்து லட்சத்த தாண்டிடுச்சு. எண்ணிக்கைய விட கேள்வி கேக்குற விதமே மாறிச்சு. 600 டாலர் காலத்துல ஒருத்தர் 1990ல ஒண்ணு, 2000ல ஒண்ணுன்னு ரெண்டு படம் வாங்கி, நடுவுல நடந்தத ஊகிப்பாரு. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்குற எல்லா தேதியையும் வரிசையா அடுக்க முடிஞ்சுது. 2013ல உலகக் காடுகளோட மேப் ஒண்ணு வந்துச்சு, 6,54,178 லேண்ட்சாட் படத்த வச்சு, 12 வருஷத்துல 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு போயிருக்குன்னு புள்ளி புள்ளியா காட்டுச்சு. பழைய ரேட்ல அந்தப் படங்கள வாங்கியிருந்தா 39 கோடி டாலர் ஆகியிருக்கும், எந்த ப்ரொஃபசருக்கு எவன் குடுப்பான். 2016ல தண்ணிக்கு அதே மாதிரி, 30 லட்சம் படம், 1984ல இருந்து எங்க 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு காணாம போச்சு, எங்க 1,84,000 புதுசா வந்துச்சுன்னு. போனதுல பெரும்பங்கு மத்திய ஆசியா, மேற்கு ஆசியா, வந்ததுல பெரும்பாலும் அணைங்க.

இது வெறும் ஆராய்ச்சி பேப்பர் விஷயம் இல்ல. பிரேசில் 1988ல இருந்து அமேசான் அழிப்ப வருஷா வருஷம் பெரும்பாலும் லேண்ட்சாட் வச்சுதான் எண்ணுது. 2004ல 27,772 சதுர கிலோமீட்டர், நம்பர் கைல இருந்ததால போலீஸ அனுப்பி, கடன நிறுத்தி, 2012ல 4,571க்கு இறக்குனாங்க. 2019ல நம்பர் ஏறுனப்ப அந்த நம்பர வெளியிட்ட ஆய்வு நிலையத்தோட தலைவர் ரிக்கார்டோ கால்வாவோவ அதிபர் வேலைய விட்டே தூக்கிட்டாரு, ஆனா படம் எல்லாருக்கும் திறந்து கிடந்ததால யாராலயும் அந்த நம்பர மறைக்க முடியல. அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருக்குற வறண்ட மாநிலங்கள் கத வேற: லேண்ட்சாட்-8 திட்டம் போடும்போது வெப்பத்த அளக்குற கருவிய செலவ குறைக்க வெட்டிட்டாங்க. வயல்ல இருந்து எவ்வளவு தண்ணி ஆவியாகுதுன்னு அந்த வெப்ப பேண்ட் (பேண்ட்னா ஒரு வகை வெளிச்சத்த மட்டும் தனியா அளக்குற பிரிவு) வச்சுதான் கணக்கு போட்டுட்டு இருந்தாங்க, ஐடஹோ மாதிரி மாநிலங்கள் தண்ணி உரிமை தகராற அத வச்சே தீர்த்துட்டு இருந்தாங்க. அவங்க எல்லாம் சேந்து சண்ட போட்டு கடைசி நேரத்துல திரும்ப ஏத்த வச்சாங்க, அவசரமா செஞ்சதால அதுக்கு மட்டும் ஆயுள் மூணு வருஷம்னு எழுதி அனுப்புனாங்க. 2013ல போனது, மூணு வருஷத்த தாண்டி எப்பவோ வந்துருச்சு. எந்த தனியார் கம்பெனியாவது தண்ணி பஞ்சாயத்துக்காக ஒரு வெப்ப கருவிய 100 மீட்டர் புள்ளில 40 வருஷம் விடாம ஓட்டுமா?

நம்ம பக்கம் கொஞ்சம் வருவோம். இந்தியாவுல இது தேங்காய்ல ஆரம்பிச்சுது. 1970ல கேரளாவுல தென்னைக்கு வேர்வாடல் நோய், பிஷரோட்டிங்கற விஞ்ஞானி தலைமைல ஒரு குழு ஹெலிகாப்டர்ல அகச்சிவப்பு ஃபிலிம் கேமராவ எடுத்துட்டு போய் நோய் வந்த தோப்ப மேல இருந்தே பிரிச்சு காட்டுனாங்க. 1979ல ஹைதராபாத் பக்கம் ஷாத்நகர்ல லேண்ட்சாட் டேட்டா வாங்குற ஸ்டேஷன், நம்ம முதல் காடு கணக்கெடுப்பு 1987ல வந்தது, அதுவும் லேண்ட்சாட் படத்த வச்சுதான். 1988 மார்ச் 17ல சோவியத் ராக்கெட்ல நம்ம ஐஆர்எஸ்-1ஏ போச்சு. 1995ல போன ஐஆர்எஸ்-1சி 5.8 மீட்டர், அந்த நேரத்துல ராணுவம் சாராத சேட்டிலைட்ல உலகத்துலயே அதுக்கு மேல தெளிவு கிடையாது, லேண்ட்சாட்-6 விழுந்த துக்கத்துல இருந்த அதே இயோசாட் நம்ம படத்த வாங்கி உலகம் பூரா வித்துச்சு. ஆனா சொந்த நாட்டு மாணவனுக்கு? வருஷக்கணக்கா பாதுகாப்பு, அனுமதி, ஃபீஸ், ஃபாரம். 2023 விண்வெளிக் கொள்கைலதான் 5 மீட்டரும் அதுக்கு மேல மங்கலானதும் இலவசம்னு தெளிவா எழுதுனாங்க. அதுக்குள்ள ஒரு தலைமுறையே தஞ்சாவூர் பத்தின தீசிஸ அமெரிக்க படத்த வச்சு எழுதி முடிச்சுட்டாங்க. சேட்டிலைட் நம்மளோடது நல்லாவே இருந்துச்சு, பூட்டுதான் பிரச்சனை. இத சொன்னா சிலருக்கு கோவம் வரும், வரட்டும்.

இனிமே என்ன ஆகும்? இப்ப லேண்ட்சாட்-8ம் 2021ல போன 9ம் சேந்து எட்டு நாளைக்கு ஒரு தடவ ஒவ்வொரு இடத்தையும் பாக்குது, ஐரோப்பாவோட சென்டினல்-2 ஜோடி அஞ்சு நாளைக்கு ஒரு தடவ, ரெண்டும் இலவசம். அடுத்ததா லேண்ட்சாட் நெக்ஸ்ட்னு மூணு சேட்டிலைட், 26 பேண்ட், ஆறு நாளைக்கு ஒரு தடவன்னு பிளான் போட்டாங்க. 2025 மே மாசம் வெள்ளை மாளிகை பட்ஜெட்ல இது 200 கோடி டாலர் செலவு பண்ற ஆடம்பரம், சீப்பா வேற வழி பாருங்கன்னு எழுதிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2018லயே திரும்ப விலை வைக்கலாமான்னு ஒரு கமிட்டி யோசிச்சுது, ஆனா அமெரிக்க புவியியல் சர்வேயே பின்னாடி, 2017ங்கற ஒரே வருஷத்துல 345 கோடி டாலர் மதிப்புக்கு பயன் கிடைச்சிருக்குன்னு கணக்கு போட்டுச்சு. லேண்ட்சாட்-8 அஞ்சு வருஷத்துக்குன்னு செஞ்சது, பன்னெண்டு வருஷம் தாண்டியாச்சு. அடுத்தது தள்ளிப்போகப் போக மேல இருக்குறது அதுக்குள்ள கண்ண மூடிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். ஐரோப்பாவுக்கே அந்த அனுபவம் உண்டு, ராடார் சேட்டிலைட் ஜோடில ஒண்ணு 2021 டிசம்பர்ல செத்துப்போய், பதிலுக்கு இன்னொண்ண அனுப்ப மூணு வருஷம் ஆச்சு.

தனியார் வேண்டாம்னு நான் சொல்லல. பிளானட் கம்பெனி ஷூ பெட்டி சைஸ் சேட்டிலைட்டுங்கள கொத்து கொத்தா விட்டு தினமும் 3 மீட்டர் கிட்ட படம் எடுக்குது, 2017 பிப்ரவரில நம்ம பிஎஸ்எல்வி ஒரே ஏவுதல்ல 104 சேட்டிலைட் விட்டுச்சே, அதுல 88 அவங்களோடது. நார்வே அரசாங்கமே காசு குடுத்து வெப்பமண்டலக் காடுகளோட பிளானட் படத்த எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு, நல்ல வேலை. ஆனா அந்த சின்ன சேட்டிலைட்டுங்க நம்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக எத அளவுகோலா வைக்குறாங்கன்னு பாத்தா, லேண்ட்சாட்டும் சென்டினலும்தான். அப்புறம் வாங்குறதுன்னா யாரு வாங்குறாங்க, யாரு குழாய மூடுவாங்கங்கற கேள்வியும் இருக்கு. 2025 மார்ச்ல அமெரிக்க அரசாங்கம் சொன்னதும், அவங்க காசு குடுத்து வாங்கி பகிர்ந்துட்டு இருந்த தனியார் படங்கள் உக்ரைனுக்கு ஒரே நாள்ல நின்னுச்சு. ஏற்கனவே வெளியிட்டு ஊர் ஊரா டவுன்லோட் ஆன ஆவணத்த அப்படி மூட முடியாது.

நம்ம ஊருக்கு இன்னும் முக்கியமா நான் பாக்குறது ராடார். சம்பா பயிரோட உயிர்நாடி மாசங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர், அப்பதான் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடி கிடக்கும், லேண்ட்சாட் வந்து பாத்தா பஞ்சு மூட்டைதான் தெரியும். ராடார் மேகத்த ஊடுருவும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க ஐரோப்பிய ராடார் படத்த வச்சு நெல் பரப்ப கணக்கு போட்டு பயிர் காப்பீட்டுக்கு குடுத்திருக்காங்க. 2025 ஜூலை 30ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்சது, 12 மீட்டர் குடை ஆண்டெனா, 12 நாள்ல பூமியோட நிலத்த ரெண்டு தடவ பாக்கும், டேட்டா இலவசம். என்னைக் கேட்டா அடுத்த இருபது வருஷத்துல நம்ம விவசாயிக்கு இன்ஷூரன்ஸ் பணம் சீக்கிரம் வந்தா அதுக்கு பின்னாடி இருக்கப்போறது இந்த வகை சேட்டிலைட்தான், 30 சென்டிமீட்டர் அழகுப் படம் இல்ல.

நீங்களே உங்க ஊர பாக்கணும்னா அமெரிக்க சர்வேயோட எர்த் எக்ஸ்ப்ளோரர்ல ஒரு அக்கவுண்ட் போடுங்க, காசு இல்ல. பூமிய லேண்ட்சாட் கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பாத், ரோன்னு ரெண்டு நம்பர் வச்சிருக்கும், சென்னைன்னா பாத் 142, ரோ 51, மதுரைன்னா 143, 53. மேகம் 10 சதவீதத்துக்கு கீழன்னு ஃபில்டர் போட்டு பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் தேடுங்க, ரெண்டு வருஷத்த ஒப்பிடும்போது ஒரே மாசமா எடுங்க, இல்லன்னா அறுவடை முடிஞ்ச வயல பாத்துட்டு ஐயோ பசுமை அழிஞ்சுபோச்சுன்னு போஸ்ட் போட்டுருவீங்க. லெவல் 2 டேட்டாவே எடுங்க, காத்துல இருக்குற தூசி புகையோட பாதிப்ப ஏற்கனவே கழிச்சு குடுத்திருப்பாங்க. ஒரு இடத்துல மட்டும் கவனம்: லேண்ட்சாட்-5ல சிவப்பு 3வது பேண்ட், அகச்சிவப்பு 4வது, லேண்ட்சாட்-8லயும் 9லயும் அது 4ம் 5ம். பசுமைய கணக்கு போடுற பழைய ஃபார்முலாவ அப்படியே புது படத்துக்கு போட்டா கணினி ஒண்ணும் சொல்லாது, தப்பான விடைய அழகான கலர்ல குடுக்கும்.